ஏழாவது க்யூப்

விழா மலரின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் தனப்பிரியா இருந்தாள். ஒரு பத்தி, ஒரு சின்னப் புகைப்படம். அவ்வளவுதான்.

"கட்டுறுதி கன்சல்டன்ட்ஸ்: நாற்பது ஆண்டுகள்" என்று அட்டையில் தங்க நிற எழுத்து. உள்ளே, திருச்செங்கோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையின் மாடியில், ஒரு மேசையும் ஒரு கால்குலேட்டருமாக ஜெகதீஸ்வரன் தொழில் தொடங்கிய கதை. பிறகு நூற்பாலைகள், கல்லூரி விடுதிகள், நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள், காற்றுக்கு நடுங்காமல் நிற்கும் தீவன ஆலைத் தொட்டி. அந்தத் தொட்டிக்குக் காற்றின் கணக்கை அவள் பதினோரு நாள் உட்கார்ந்து போட்டாள். படத்துக்குக் கீழே, "நிறுவனரின் நுட்பத்துக்கு ஒரு சான்று" என்று அச்சாகியிருந்தது. புத்தகத்தின் பின்பாதியில் இருந்த கட்டடங்களில் முக்கால்வாசிக்கு அவள் கணக்கு, அவர் கையெழுத்து. பத்தொன்பது வருடமாக அப்படித்தான்.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "எங்கள் முதல் பெண் பொறியாளர் தனப்பிரியா, சித்திரை வெயிலில் நின்று முத்தாயம்மாள் மகாலுக்கு வார்த்த க்யூப்கள், தேவையைப் போல ஒன்றரை மடங்கு பலம் காட்டின. நிறுவனர் இன்றும் பெருமையோடு சொல்லும் கதை இது."

அவள் பக்கத்தை மூடிப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் செய்த உண்மையான வேலை எதுவும் இதில் இல்லை. செய்த ஒரே பொய்க்குப் படத்தோடு இடம் கொடுத்திருக்கிறார்கள். இதை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வருகிறது. ஏன் என்று கேட்டால் சொல்ல வாய் வராது. கோபத்துக்குப் போக இடம் இல்லை.

"படிச்சீங்ளா அக்கா?" கௌசிக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். ஜெகதீஸ்வரனின் மகன். பள்ளிக்கூடப் பையோடு வந்து அவள் மேசையில் வீட்டுப்பாடம் எழுதிய வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்தவன். இப்போது நிர்வாக இயக்குநர்.

"படிச்சேனுங்க."

"அப்பறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்குது? போட்டோல குண்டாத் தெரியறீங்கன்னா? வேற போட்டுக்கலாம், சொல்லுங்க."

"போட்டோ கெடக்குது. தீவன ஆலை கணக்கு யாரு போட்டதுன்னு எழுதலாமில்ல?"

"நாமெல்லாம் ஒரே குடும்பமக்கா. இதுல யாரு போட்டா என்ன?" சிரித்தான். "அதை விடுங்க. விழாவுல ஒரு ஐட்டம் வெச்சிருக்கறேன். கேட்டா அசந்துருவீங்க. முத்தாயம்மாள் மகால் ஏழாவது க்யூப்பை எல்லாரு முன்னாலயும் மெஷின்ல வெச்சு ஒடைக்கப் போறோம்!"

தனப்பிரியா எழுந்து நின்றுவிட்டாள்.

ஏழாவது க்யூப் என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். கான்கிரீட் போடும் நாளில், அதே கலவையில் கொஞ்சம் எடுத்து அரையடி உயரப் பெட்டிகளில் வார்ப்பார்கள். ஆறு க்யூப். மூன்றை ஏழாம் நாளும், மூன்றை இருபத்தெட்டாம் நாளும் அழுத்தி உடைத்து, எவ்வளவு பலம் தாங்குகிறது என்ற நெம்பரைக் குறிப்பார்கள். இது எல்லா ஊரிலும் உண்டு. ஜெகதீஸ்வரன் மட்டும் ஏழாவதாக ஒன்று வார்த்து, உடைக்காமல், வேலையின் பெயரையும் தேதியையும் அதன் ஈர மேனியில் ஆணியால் கீறி, அலுவலகத்தின் பின்புறம் அலமாரியில் அடுக்கி வைப்பார். "இது கட்டடத்தோட கூடப்பொறந்தது. கட்டடத்துக்கு வயசானா இதுக்கும் வயசாவும். நாளைக்கு ஒரு சந்தேகம்னா இதைக் கேட்டுக்கலாம்" என்பார். நானூறுக்கு மேல் இருந்தன. ஆயுத பூஜையன்று ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். வைப்பவள் தனப்பிரியா. பதினேழு வருடமாக அந்த ஒரு க்யூப்புக்கும் அவள் கையால்தான் பொட்டு.

"எதுக்கு அதை ஒடைக்கோணும்?" என்றாள்.

"செல்லமுத்தண்ணன் அவரோட அந்தக் கல்யாண மண்டபத்துக்கு மேல ரெண்டு மாடி எடுக்கறாரு. கல்யாணத்துக்கு வர்ற ஒறம்பரை தங்கறதுக்கு ரூமு. அஸ்திவாரம் நாலு நெலைக்குத்தான் டிசைன் பண்ணியிருக்குது, நீங்களே போட்டதுதான. க்யூப் நெம்பரை மைக்குல சொல்றோம், அங்கயே சர்டிபிகேட்டைக் கையில குடுக்கறோம். பேப்பர்ல வருமக்கா!"

"க்யூப்பை ஒடைச்சா க்யூப்போட பலந்தான் தெரியும். தூணோட பலம் தெரியாது. தூண்லயே துளைச்சுக் கோர் எடுத்துப் பாக்கோணும்."

"அப்பா நாப்பது வருசமாச் சொன்னதை நாமளே இல்லைங்கறதா? நல்லாருக்கற தூண்ல ஓட்டை போடறேன்னு போயி நின்னா அண்ணன் ஓட்டியே உட்ருவாரு." போகிறபோக்கில் திரும்பினான். "க்யூப்போட நீங்களும் மேடையில நிக்கோணும். பட்டுச்சேலை கட்டிட்டு வாங்க."

அவன் போன பிறகும் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

இரண்டாயிரத்து எட்டு சித்திரை. அவளுக்கு இருபத்து நான்கு வயது. மோகனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். சைட்டுக்கு ஒரு பெண்ணை அனுப்புவதா என்று அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தபோது, ஜெகதீஸ்வரன்தான் போகச் சொன்னார். அன்று முத்தாயம்மாள் மகாலின் கீழ்த்தளத்தில் நடு நாலு தூணுக்குக் கான்கிரீட். ஆற்று மணல் லாரி வரவில்லை. காண்டிராக்டரின் மேஸ்திரி மணியன் எங்கிருந்தோ ஓடை மணல் இறக்கியிருந்தார். கையில் எடுத்தால் மஞ்சளாக ஒட்டியது. சிமெண்டு மூட்டையும் கணக்குக்குக் குறைந்தது. அவள் வேலையை நிறுத்தச் சொன்னாள். சொன்னாள் என்பது உண்மைதான். ஒரு தரம் சொன்னாள்.

"அம்மணி, முப்பது ஆளு நிக்குது. நிறுத்திப்போட்டு அத்தனை பேருக்கும் நீங்க சோறு பொங்கிப் போடறீங்ளா?" என்றார் மணியன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவரே குரலை இறக்கினார். "வெயில்ல ஏனுங்க நிக்கறீங்க? அந்த நெழலுக்குப் போங்க. க்யூப்புக்கு நா தனியாக் கலந்து தாரேன். உங்களுக்கு ஒரு கெட்ட பேரும் வராது."

தனியாகத்தான் கலந்து கொடுத்தார். ஆற்று மணலில், சிமெண்டை அள்ளிக் கொட்டி. நிழலில் உட்கார்ந்து ஏழு பெட்டியையும் அவள் நிரப்பினாள். ஏழாவதில் ஆணியால் பெயர் கீறினாள். எழுத்து அழகாக விழுந்தது.

இருபது வர வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று வந்தது. ஜெகதீஸ்வரன் அலுவலகம் முழுவதையும் கூப்பிட்டு நிறுத்தி, "பொம்பளைப் புள்ளைன்னு சிரிச்சீங்களே, பாருங்க!" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் அது இன்னும் கடினமாகிவிட்டது. அடுத்த மாதம் தூணுக்கு மேல் தளம் வந்துவிட்டது.

தங்கை சௌந்தர்யாவின் கல்யாணத்துக்கு ஜெகதீஸ்வரன் சொல்லி அந்த மண்டபமே கிடைத்தது. எல்லோரும் மணமேடையைப் பார்த்தபோது அவள் பந்தி நடக்கும் கீழ்த்தளத்தில் நடுத் தூண் ஒன்றைத் தொட்டுக்கொண்டு நின்றாள். மேலே எழுநூறு பேர். மேளம் உச்சத்துக்குப் போனபோது உள்ளங்கையில் அதிர்வு தெரிந்தது. கை கழுவப் போன பெரியம்மா, "தாலி கட்டறதைப் பாக்காம தூணைக் கட்டிட்டு நிக்கறா பாரு" என்று கேலி செய்தாள். அன்றிலிருந்து அந்த மண்டபத்துக் கல்யாணம் என்று வந்த எந்தப் பத்திரிகையையும் அவள் விட்டதில்லை. போவாள், தூண்களைப் பார்ப்பாள், விரிசல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சாப்பிடாமல் திரும்புவாள். ஊரில், யார் கூப்பிட்டாலும் வந்துவிடுகிற நல்ல பெண் என்று பேர்.

இரண்டு தளத்துக்கு அந்தத் தூண்கள் தாங்குகின்றன. இன்னும் இரண்டு ஏற்றினால் தாங்காது. இதற்குக் கணினி வேண்டாம். பதினேழு வருடமாக மனத்துக்குள் ஓடுகிற கணக்கு.

பின்பக்கம் போனாள். ஜெகதீஸ்வரன் அலமாரி முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது, இப்போது காலையில் மட்டும் வருகிறார். விழாவுக்காக அந்த க்யூப்பை இறக்கிக் கழுவி மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா அம்மணி. பாரு, உன்ற எழுத்து அப்படியே இருக்குது."

"ஐயா, அதை ஒடைக்க வேண்டாமுங்க."

"ஏன்?"

"அது அந்தத் தூணோட கலவை இல்லீங்க. மணியன் தனியாக் கலந்து குடுத்தது. நான் தெரிஞ்சே ரொப்பினேன்."

சொல்லிவிட்டாள். பதினேழு வருடம் தூக்கிச் சுமந்தது பத்துப் பன்னிரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் துணியை மடித்துத் தோளில் போட்டார்.

"தெரியும்" என்றார்.

"என்னங்க?"

"தூணுக்கு அடைச்ச பலகை கழட்டுன அன்னைக்கே சைட்டுக்குப் போயிருந்தேன். தூணு செம்மஞ்சளா நின்னுச்சு. நீ கொண்டாந்தது வெள்ளியாட்டம். ரெண்டும் ஒரே கலவை இல்லைன்னு சொல்றதுக்கு மெஷின் வேணுமா?"

"அப்பறம் ஏனுங்க கேக்கலை?"

"கணக்குப் போட்டேன். பதிமூணு நெம்பர் இருந்தாலே ரெண்டு நெலை தாங்கும். ஒடைச்சுட்டு மறுபடி எடுன்னு சொன்னா செல்லமுத்து அன்னைக்கே வேற ஆளைப் பாத்திருப்பான். போர் போடற ரிக் வெச்சிருக்கறவங்க அத்தனை பேரையும் இங்க கூட்டியாந்தது அவன்தான். ஆபீஸு அப்பத்தான் தலையெடுக்குது." க்யூப்பை மெல்லத் தரையில் வைத்தார். "உன்னையும் நெனைச்சேன். ஆரம்பத்துலயே பேரு கெட்டுட்டா அப்பறம் எங்க போவ?"

"மேடைக்கு மேடை அந்தக் கதையைச் சொன்னீங்களே, அது எதுக்குங்க?"

அவர் தோளில் கிடந்த துணியை எடுத்து மறுபடி மடித்தார். "நீயா வந்து ஒரு நாள் சொல்லுவேன்னு பாத்தேன்."

அதை நம்பத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் நினைவு வரிசையாக வந்தது. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்ட வாரம், ஒரு புதுமனை விழாவில் அவளைப் பக்கத்தில் நிறுத்தி இந்தக் கதையைச் சொன்னார். வரைபடங்களில் தன் பெயரும் வரட்டும் என்று அவள் கேட்ட வருடம், ஆயுத பூஜையன்று சொன்னார். சொல்லி முடித்து ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வாய் அடைத்துப் போனது. இடத்தைவிட்டு நகரவும் இல்லை, எதையும் கேட்கவும் இல்லை. திருட்டுப் பொருளை வைத்திருப்பவள் வீட்டு வாசலில் நின்று சண்டை போட முடியுமா?

கத்திவிடலாம்போல இருந்தது. அதைவிடவும் எரிந்தது இன்னொன்று. அவர் அவளைக் கட்டிப்போட்டார் என்றால், கட்டிய இடத்தில் அவளும் வாகாக நின்றிருக்கிறாள். கோயம்புத்தூருக்குப் போக அவளுக்கும் பயம்தான். அந்தப் பயத்துக்குக் குற்ற உணர்ச்சி என்று பேர் வைத்து, அதைக் கௌரவமாக வளர்த்து வந்திருக்கிறாள். மனத்துக்குள் தான் ஏதோ பெரிய தண்டனை அனுபவிப்பதாக நினைப்பு வேறு. தண்டனை அனுபவித்தது தூண். எழுநூறு பேரைச் சுமந்துகொண்டு.

"விழா முடியட்டும்" என்றார் ஜெகதீஸ்வரன். "நா பேசி ஒரு மாடியாக் கொறைச்சர்றேன். ஒண்ணு எடுத்தா ஒண்ணும் ஆவாது."

"ஆவுமுங்க."

"அம்மணி..."

"அரை மாடி கூடத் தாங்காதுங்க. நீங்க ஒரு நாள் கணக்குப் போட்டீங்க. நான் தெனமும் போடறேன்."

அவள் திரும்பி நடந்தாள். கட்டடத்துக்குக் கூடப்பொறந்தது என்று சொல்லி நானூறு க்யூப் அடுக்கி வைத்திருக்கிற மனிதர். இன்னும் எத்தனை க்யூப் தனியாகக் கலந்ததோ என்ற நினைப்பு வாசல்வரை கூட வந்தது.

செல்லமுத்துவுக்கு அவளே போன் செய்தாள். தூணில் கோர் எடுத்துப் பார்க்காமல் மாடி எடுக்கக் கூடாது என்றாள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"கல்லு பாக்காமப் போர்ல பைப்பு எறக்க முடியுமுங்களா? ஆடி மாசம், மண்டபம் சும்மாதான் கெடக்குது. நாளைக்கே வாங்க."

மறுநாள் காலை பத்து மணிக்குச் சேலத்திலிருந்து அவள் வரவழைத்த மாதேஷ் கோர் மெஷினோடு வந்தார். சாப்பாட்டு மேசைகளை ஓரத்தில் அடுக்கியிருந்ததில் கீழ்த்தளம் பெரிதாகத் தெரிந்தது. வெள்ளை வேட்டியில் செல்லமுத்து கை கட்டி நின்றார். ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் ரிக் லாரியோடு முப்பது வருடம் அலைந்தவர். குழியிலிருந்து பறக்கிற தூசியைப் பார்த்தே கீழே என்ன பாறை என்று சொல்லக்கூடியவர்.

"ஏனுங்கம்மணி, ரிக் காரன் எடத்துலயே போர் போட வந்துட்டீங்ளா? எத்தனை அடியில தண்ணி வரும்?"

மாதேஷ் சிரித்தார். தனப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவியால் தடவிப் பார்த்து, கம்பி படாத இடத்தில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டாள். தங்கையின் கல்யாணத்தன்று அவள் தொட்டுக்கொண்டு நின்ற தூண்தான்.

மெஷின் இரைந்தது. தண்ணீர் ஊற்ற ஊற்ற, துளையிலிருந்து சேறு வழிந்தது. முதலில் பூச்சின் சாம்பல் நிறம். பிறகு நிறம் மாறியது. செல்லமுத்து சிரிப்பை நிறுத்தினார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வழிந்ததை இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"நிறுத்துங்க" என்றார். மெஷின் நின்றது. "இது மண்ணு."

மாதேஷ் உருளையை வெளியே இழுத்தார். அது முழுதாக வரவில்லை; இரண்டு துண்டாக வந்தது. உடைந்த இடத்தில் மஞ்சள் பொடி உதிர்ந்தது.

"ஓடை மணலுங்க" என்றாள் தனப்பிரியா. "சிமெண்டும் பத்தலை. நடு நாலு தூணும் இப்படித்தான். அன்னைக்கு இங்க நின்னது நான். க்யூப்புக்கு மட்டும் நல்ல கலவை வாங்கி ரொப்பினதும் நாந்தான்."

செல்லமுத்து விரலை வேட்டியில் துடைக்கவில்லை. அப்படியே நீட்டியபடி அவளைப் பார்த்தார்.

"எம்பொண்ணு கல்யாணம் இங்க நடந்துச்சு."

"ஆமாங்க."

"நீங்க வந்திருந்தீங்க. எங்கம்மா உங்களுக்கு வெத்தலை பாக்கு குடுத்துச்சு. இந்தா, இந்த எடத்துல."

"ஆமாங்க."

"வாங்கிட்டீங்க."

"வாங்கினேனுங்க."

அவர் அடித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

வெளியே கார் நின்ற சத்தம். கௌசிக் கிட்டத்தட்ட ஓடி வந்தான். "யாரைக் கேட்டு இங்க வந்தீங்க? விழாவுக்கு ஆறு நாள் இருக்குது. அப்பா நாப்பது வருசமாச் சம்பாதிச்ச பேரு என்னாவறது?"

"உங்கப்பாவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பலகை கழட்டுன அன்னைக்கே தெரியும். போயிக் கேளு தம்பி."

அவன் அலுவலகப் பொறுப்புக்கு வந்து எட்டு வருடம் ஆன பிறகு, முதல்முறையாக அவனைத் தம்பி என்றாள், கேளு என்றாள். அவன் தரையில் கிடந்த இரண்டு துண்டையும் பார்த்தான். முகத்தில் இருந்த கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் கலைந்தது. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். நேற்றுவரை அவள் முகம்.

"உங்க சண்டையை வெளிய போயி வெச்சுக்குங்க" என்றார் செல்லமுத்து. "எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இருக்கறது நிக்குமா?"

"நிக்குமுங்க. ஆனா நாலு தூணையும் சுத்திக் கம்பி கட்டி, புதுசா உறை போடற வரைக்கும் மேல கூட்டம் ஏறக் கூடாது. ஆவணி முகூர்த்தம் எதுவும் இங்க நடக்கக் கூடாது."

"ஒம்பது கல்யாணம் அம்மணி!" முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. காலி மண்டபத்தில் அது திரும்பி வந்தது. "பத்திரிகை அடிச்சுப்போட்டாங்க. சொந்த பந்தமெல்லாம் இந்த மண்டபத்துப் பேரைப் பாத்துட்டாங்க. நா என்னன்னு சொல்றது? எங்கம்மா பேரை வெச்சுட்டு, மண்ணுல கட்டியிருக்கறேன்னா?"

"நெம்பரைக் குடுங்க. நான் சொல்றேன்."

"நீங்களே சொல்லுங்க!" உள்ளே போய் முகூர்த்தம் குறித்து வைக்கும் நோட்டை எடுத்து வந்து, ஓரத்து மேசையில் அறைந்து வைத்தார். "ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்களே சொல்லுங்க. நா இங்கயே உக்காந்து கேக்கறேன்."

நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். அவர் விரலில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. கௌசிக் வாசல்படியில் போனைக் காதில் வைத்தபடி நின்றான். அந்தப்பக்கம் அப்பா எடுக்கவில்லை போலிருந்தது.

முதல் பெயருக்குப் பக்கத்தில் மோகனூர் என்று இருந்தது, அவள் ஊர். ஆவணி மூன்றாம் தேதி. எண்ணை அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம்.

"முத்தாயம்மாள் மகால்ல இருந்து பேசறேனுங்க. ஆவணி மூணாந்தேதி கல்யாணத்தை இங்க வெக்க முடியாதுங்க. தூணு சரியில்லை."

மிக்ஸி நின்றது. "என்னது? ஆயிரம் பத்திரிகை குடுத்தாச்சு. மாப்ள ஊட்டுக்கு என்ன பதில் சொல்றது? ஆருடி நீ, அதைச் சொல்றதுக்கு?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. எதிரே செல்லமுத்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்பேரு தனப்பிரியாங்க. இந்த மண்டபத்தோட இன்ஜினியர். தப்பு என்னோடதுங்க."

அந்தப்பக்கம் திட்டு ஆரம்பித்தது. அவள் போனைக் காதிலிருந்து விலக்கவில்லை. திட்டி முடியும்வரை கேட்டாள். வேறு மண்டபம் தேட நானும் வருகிறேன் என்றாள். அதற்கும் திட்டு வாங்கினாள். பிறகு நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு, இரண்டாவது எண்ணை அழுத்தினாள்.